ரிஃப்ரெஷ் அழுத்தினால் இரண்டாவது பதிவு: ஜாங்கோ எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது?

பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் கட்டமைப்பு ஜாங்கோ. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் அதன் அட்மின் பக்கத்தைப் புகழ்வார்கள், இல்லையென்றால் டேட்டாபேஸோடு பேச உதவும் ஓஆர்எம்மை. நான் இங்கே ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் அதை எடைபோடப் போகிறேன். ஒருவர் ஃபார்மை நிரப்பி அனுப்புகிறார். அடுத்து வரும் பக்கத்தில் ரிஃப்ரெஷ் அழுத்துகிறார். டேட்டாபேஸில் ஒரு பதிவு இருக்குமா, இரண்டு இருக்குமா?

நான் செய்து கொடுப்பதெல்லாம் பயிற்சி வகுப்புப் பதிவு, புகார்ப் படிவம், தன்னார்வலர் சேர்க்கை மாதிரியான சாதாரண ஃபார்ம்கள். இவற்றில் ஒரே ஆள் இரண்டு முறை பதிவானால் சர்வர் படுத்துவிடாது. எர்ரர் லாகில் ஒரு வரிகூட விழாது. ஆனால் மறுமுனையில் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பாடு திண்டாட்டம். ஒரு பயிற்சி மையத்துக்கு வேறு யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்திருந்த தளத்தைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். இடங்கள் நிரம்பிவிட்டன என்று தளம் சொல்கிறது, வகுப்பில் பார்த்தால் காலி நாற்காலிகள். பட்டியலைத் திறந்தால் ஒரே பெயர், ஒரே தொலைபேசி எண், சில நொடி இடைவெளியில் அடுத்தடுத்த வரிகள். இடமில்லை என்று படித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால் இதை நான் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் வேலையாக நினைப்பதில்லை.

நடப்பது இதுதான். ஃபார்ம், சர்வருக்குத் தகவல் அனுப்பும் 'போஸ்ட்' கோரிக்கையாகப் போகிறது. சர்வர் பதிவை எழுதிவிட்டு, 'நன்றி' என்ற பக்கத்தை 200 ('எல்லாம் சரி') என்ற நிலைக் குறியீட்டோடு நேராகத் திருப்பி அனுப்புகிறது. இப்போது திரையில் இருக்கும் பக்கம் பிரவுசரைப் பொறுத்தவரை அந்தப் போஸ்ட்டின் விளைவு. ரிஃப்ரெஷ் என்றால் 'இந்தப் பக்கத்தை எப்படிப் பெற்றாயோ அப்படியே மறுபடி பெறு' என்று அர்த்தம். எனவே அதே தகவல்கள் மறுபடி போகும். குரோமும் ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் அதற்கு முன் ஒரு எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டத்தான் செய்கின்றன. ஃபயர்பாக்ஸ் இன்னும் கொஞ்சம் விளக்கமாக, முன்பு செய்த செயல் திரும்ப நடக்கும் என்றே சொல்கிறது. ஆனால் அந்தப் பெட்டியைப் பார்ப்பவர் இடத்தில் நின்று யோசியுங்கள். தன் பதிவு போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்துதான் அவர் ரிஃப்ரெஷையே அழுத்தியிருக்கிறார். 'மீண்டும் அனுப்பவா' என்று கேட்டால் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார். முடிவெடுக்கத் தேவையான தகவல் அவரிடம் இல்லை, சர்வரிடம்தான் இருக்கிறது. கேள்வியை அவரிடம் கேட்பதே தவறு.

இதற்கு வழக்கமான மருந்து, போஸ்ட்டுக்குப் பிறகு ரீடைரக்ட், அப்புறம் கெட். பதிவை எழுதியதும் பக்கத்தை அனுப்பாமல், வேறொரு முகவரிக்குப் போ என்று சர்வர் சொல்லும். பிரவுசர் அந்த முகவரியைச் சாதாரண கெட் கோரிக்கையாகத் திறக்கும். அதில் எத்தனை முறை ரிஃப்ரெஷ் அழுத்தினாலும் பார்ப்பது மட்டுமே நடக்கும், எழுதுவது நடக்காது.

ஜாங்கோவுக்கு என் முதல் பாராட்டு இங்கேதான். இந்தப் பழக்கத்தை அது தொடக்கப் பாடத்திலேயே கற்றுக்கொடுக்கிறது. அதிகாரபூர்வப் பயிற்சியில் வாக்கெடுப்பு ஆப் ஒன்று செய்யச் சொல்வார்கள். ஓட்டை எண்ணி முடித்த இடத்தில், போஸ்ட் தகவலைக் கையாண்ட பிறகு எப்போதும் ரீடைரக்ட்தான் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் பேக் பட்டனை அழுத்துபவர் இரண்டு முறை அனுப்பிவிடுவார் என்று நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அறிவுரையோடு நிற்கவும் இல்லை. ஃபார்ம்வியூ, கிரியேட்வியூ, அப்டேட்வியூ என்ற தயார்நிலை வியூக்களில் (கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் நிரல் பகுதிகள்) ஃபார்ம் சரியாக இருந்தால் தானாகவே ரீடைரக்ட்தான் நடக்கும். அட்மினும் அப்படித்தான்: சேமித்ததும் பட்டியலுக்கோ, அதே பதிவின் பக்கத்துக்கோ, புதிய காலி ஃபார்முக்கோ ரீடைரக்ட் செய்யும். ஒன்றும் யோசிக்காத ஒரு புதியவர் இந்த வியூக்களைப் பயன்படுத்தினாலே ரிஃப்ரெஷ் ஆபத்திலிருந்து தப்பிவிடுவார். ஒரு கட்டமைப்பிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

சின்னக் குறை ஒன்று. ஜாங்கோவின் ரீடைரக்ட் 302 குறியீட்டை அனுப்புகிறது. போஸ்ட்டுக்குப் பின் வந்த 302ஐப் பிரவுசர்கள் கெட்டாக மாற்றியே திறக்கின்றன, அதனால் நடைமுறையில் பிரச்சினை இல்லை. ஆனால் இந்த வேலைக்கென்றே எச்டிடிபி 1.1 கொண்டுவந்தது 303ஐ. அதற்கு ஜாங்கோவில் தயார் கிளாஸ் கிடையாது. இரண்டு வரியில் நாமே எழுதிக்கொள்ளலாம், இருந்தாலும் அது உள்ளேயே இருந்திருக்கலாம். 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்பில் ரீடைரக்டுக்கு 'பிரிசர்வ் ரிக்வெஸ்ட்' என்று ஒரு புதிய அளபுரு சேர்ந்திருக்கிறது. அதை ட்ரூ என்று வைத்தால் 302க்குப் பதில் 307 போகும். 307 வந்தால் பிரவுசர் அதே போஸ்ட்டை அதே தகவலோடு புதிய முகவரிக்கு மறுபடி அனுப்பும். வேறு தேவைகளுக்கு அது நல்ல வசதி. ஃபார்ம் சேமித்த பிறகு அதைக் கையால் தொடாதீர்கள்.

ரீடைரக்ட் எங்கே போகவேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பலர் மறுபடி அதே காலி ஃபார்முக்கே அனுப்பி, மேலே பச்சை நிறத்தில் 'உங்கள் பதிவு ஏற்கப்பட்டது' என்று மெசேஜஸ் வசதி மூலம் ஒரு வரி காட்டுவார்கள். அந்த வரி ஒருமுறை காட்டப்பட்டதும் போய்விடும், அதன் இயல்பே அதுதான். பயனர் ஒரு ரிஃப்ரெஷ் அழுத்தினால் பச்சை வரி காணாமல் போய், காலி ஃபார்ம் மட்டும் கண்ணெதிரே நிற்கும். 'ஐயோ, போகவில்லை போலிருக்கிறதே' என்று மறுபடி நிரப்புவார். தொழில்நுட்பப்படி எல்லாம் சரியாக இருந்தும் இரட்டைப் பதிவு. எனவே பதிவுக்கென்று தனி முகவரி கொடுங்கள். அந்தப் பக்கத்தில் அவர் பெயர், தேர்ந்தெடுத்த வகுப்பு, பதிவு எண் எல்லாம் நிற்கட்டும். எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் அதே உறுதி கிடைக்கும். வெற்றி முகவரி என்று தனியாக ஒன்றைக் கொடுக்காவிட்டால், மாடலில் (பதிவின் அமைப்பைச் சொல்லும் கிளாஸ்) எழுதியிருக்கும் 'கெட் அப்சொல்யூட் யூஆர்எல்' சொல்லும் இடத்துக்குக் கிரியேட்வியூ தானாகப் போகும். அந்த இயல்பிருப்பு எனக்கு மிகவும் பிடித்தது. முகவரியில் 1, 2, 3 என்று வரிசை எண் மட்டும் வேண்டாம், எண்ணை மாற்றி அடுத்தவர் பதிவைப் பார்த்துவிடுவார்கள். ஊகிக்க முடியாத நீண்ட அடையாள எண்ணான யூயூஐடி வையுங்கள்.

ஃபார்மில் பிழை இருந்தால் ஜாங்கோ ரீடைரக்ட் செய்யாது. அதே முகவரியில், பிழைச் செய்தியோடு ஃபார்மை 200 குறியீட்டில் திருப்பும். அங்கே ரிஃப்ரெஷ் அழுத்தினால் அந்த எச்சரிக்கைப் பெட்டி வரத்தான் வரும். எதுவும் சேமிக்கப்படவில்லை என்பதால் ஆபத்தில்லை, பார்ப்பவருக்குக் கொஞ்சம் கலக்கம். இதைச் சரிசெய்யப் பிழைகளை செஷனில் (அந்தப் பயனருக்காகத் தளம் வைத்திருக்கும் தற்காலிக நினைவு) போட்டு ரீடைரக்ட் செய்பவர்களும் உண்டு. அந்தச் சிக்கலுக்கு இது தகுதியில்லை என்பது என் எண்ணம்.

சரி, இதுவரை நல்ல பிள்ளை. இனிமேல்தான் ஜாங்கோ நம்மைத் தனியே விட்டுவிடும் இடங்கள்.

ரீடைரக்ட் காப்பது, பதில் வந்து சேர்ந்த பிறகு அழுத்தும் ரிஃப்ரெஷிலிருந்து மட்டும். பதில் வருவதற்கு முன் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. நெட் மெதுவாக இருக்கிறது, சப்மிட் பட்டனை ஒருவர் இரண்டு தடவை தட்டுகிறார். முதல் கோரிக்கை ஏற்கெனவே கிளம்பிவிட்டது. பிரவுசர் அதன் பதிலுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு இரண்டாவதை அனுப்புகிறது. சர்வர் இரண்டையும் ஒழுங்காக வாங்கி, இரண்டையும் ஒழுங்காக எழுதிவிடும்.

பட்டனை முடக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். செய்யுங்கள், அது பயனருக்கு மரியாதை. ஆனால் அதுவே பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். ஸ்கிரிப்ட் ஏறுவதற்குள் தட்டிவிட்டால் முடக்கம் வேலை செய்யாது. முடக்கிய பட்டனுக்குப் பெயரும் மதிப்பும் இருந்தால் அவை சர்வருக்குப் போகாது. ஒரே ஃபார்மில் 'சேமி', 'அனுப்பு' என இரண்டு பட்டன் வைத்திருந்தால் எதை அழுத்தினார் என்றே சர்வருக்குத் தெரியாமல் போகலாம். ஃபயர்பாக்ஸுக்கு இன்னொரு குணம் உண்டு: ஸ்கிரிப்ட் முடக்கிய பட்டனை, பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்த பிறகும் முடங்கிய நிலையிலேயே வைத்திருக்கும். ஆட்டோகம்ப்ளீட்டை ஆஃப் என்று போட்டால்தான் விடும். பேக் அழுத்தி வந்தவருக்கும் பிரவுசர் நினைவிலிருந்து அதே செத்த பட்டனைக் காட்டலாம். பக்கம் திரையில் வரும்போது எழும் பேஜ்ஷோ நிகழ்வில் அதை மறுபடி உயிர்ப்பிக்கவேண்டும்.

பிரவுசரின் வரலாற்றுப் பதிவை மாற்றும் ஹிஸ்டரி ரீப்ளேஸ்ஸ்டேட் என்ற ஒற்றை வரி ஸ்கிரிப்டைப் பக்கத்தின் அடியில் ஒட்டிவிட்டால் ரிஃப்ரெஷ் பிரச்சினை தீர்ந்தது என்று பரப்புகிறார்கள். தீராது, மறையும். நன்றிப் பக்கம் இன்னும் போஸ்ட்டின் பதில்தான். ஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் பழைய கதை அப்படியே திரும்பும். ஜாங்கோவில் ரீடைரக்ட் எழுதுவதும் ஒற்றை வரிதான். பிறகு இந்த ஒட்டு எதற்கு?

அதைவிடப் பரவலான தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. ஜாங்கோ ஃபார்ம்களில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் கட்டாயம் என்பதால், அதுவே இரட்டைப் பதிவையும் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். தடுக்காது. வேறொரு தளம் உங்கள் பெயரில் ஃபார்மை அனுப்பிவிடாமல் காப்பதுதான் அதன் வேலை. அது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் டோக்கன் இல்லை. பக்கத்தின் சோர்ஸில் ஒவ்வொரு முறையும் வேறு எழுத்துகள் தெரிந்தாலும், அவை ஒரே ரகசியத்தின் மேல் போட்ட வேறுவேறு முகமூடிகள். அந்த ரகசியம் இருக்கும் குக்கியின் ஆயுள் இயல்பாகவே சுமார் ஒரு வருடம், லாகின் செய்யும்போது மட்டும் மாறும். எனவே அதே டோக்கனோடு வரும் இரண்டாவது போஸ்ட்டை ஜாங்கோ முகம் சுளிக்காமல் ஏற்கும். ஒருமுறை மட்டும் செல்லும் ஃபார்ம் டோக்கன் ஜாங்கோவுக்குள்ளேயே கிடையாது. இதுதான் இந்த மதிப்புரையில் நான் வைக்கும் பெரிய புகார்.

நாமே கட்டிக்கொள்ளலாம், கட்டுவதற்கான செங்கல் எல்லாம் உள்ளே தரமாகவே இருக்கிறது. ஃபார்மைக் காட்டும்போது மறைவான ஒரு புலத்தில் புதிய யூயூஐடி ஒன்றைச் சாவியாக வைக்கவேண்டும். மாடலில் அதே சாவிக்கு ஒரு நெடுவரிசை, அதில் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற யூனிக் கட்டுப்பாடு. ஒரே பக்கத்திலிருந்து எத்தனை போஸ்ட் வந்தாலும் சாவி ஒன்றே, டேட்டாபேஸ் ஒன்றைத்தான் உள்ளே விடும்.

இதில் மற்றவர்கள் எழுதிய நிரலைப் பார்க்கும்போது நான் அடிக்கடி பிடிக்கும் பிழை, அடைப்புக்குறி. ஃபார்ம் கிளாஸில் தொடக்க மதிப்பாக யூயூஐடி4 என்ற ஃபங்ஷனைக் கொடுக்கவேண்டும், அழைக்கக்கூடாது. பின்னால் ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டுவிட்டால் சர்வர் தொடங்கும்போது ஒரே ஒரு முறை சாவி உருவாகி, அதுவே எல்லாருக்கும் போகும். எழுதியவர் தன் கணினியில் ஒரு பதிவு போட்டுப் பார்ப்பார், சரியாக இருக்கும். தளம் வெளியே போன பிறகு முதலாமவர் பதிவாவார், அதன்பின் வருபவர்கள் அத்தனை பேரும் நகல் என்று தள்ளப்படுவார்கள்.

அடுத்த சிக்கல், மாடலிலிருந்தே உருவாகும் ஃபார்மான மாடல்ஃபார்மில். சாவியை மாடல்ஃபார்மின் புலமாகவே வைத்தால், இரண்டாவது போஸ்ட் வரும்போது ஜாங்கோ தானாகவே யூனிக் சோதனை செய்து, 'மறைவான புலம்' என்று தொடங்கி இந்தச் சாவியோடு ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கிறது என்று ஃபார்மின் மேலே காட்டும். பாவம், அந்த மனிதர் இரண்டு தடவை தட்டினார், அவ்வளவுதான். அவர் பதிவு பத்திரமாக உள்ளே இருக்கிறது. அவருக்குத் தெரிவதோ புரியாத ஒரு பிழை. நகல் வந்தால் பிழை காட்டவே கூடாது. முதல் பதிவின் பக்கத்துக்கே அவரையும் அனுப்பவேண்டும். இரண்டு தட்டலும் ஒரே இடத்தில் முடியவேண்டும்.

அதற்கு ஜாங்கோவில் அழகான கருவி இருக்கிறது: கெட் ஆர் கிரியேட். சாவியைக் கொடுத்து, மற்ற தகவல்களை டீஃபால்ட்ஸ் பகுதியில் கொடுத்தால், பதிவு இருந்தால் எடுத்துத் தரும், இல்லாவிட்டால் உருவாக்கித் தரும். கூடவே, புதிதாக உருவானதா இல்லையா என்றும் சொல்லும். இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் மோதினால், தோற்றதன் யூனிக் பிழையை அது தானே பிடித்து, ஜெயித்த பதிவை எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு உண்மையாக இருந்தால்தான் இது நடக்கும், ஆவணத்திலும் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். கட்டுப்பாடு இல்லாமல் 'முதலில் தேடு, இல்லாவிட்டால் எழுது' என்று செய்தால், இருவரும் தேடி, இருவருக்கும் இல்லை என்று பதில் வந்து, இருவரும் எழுதிவிடுவார்கள். உறுதி மின்னஞ்சலைப் புதிதாக உருவானால் மட்டும் அனுப்புங்கள், அதையும் பதிவு உறுதியாக எழுதப்பட்ட பிறகே ஓடும் 'ஆன் கமிட்' வழியாக. இல்லாவிட்டால் பட்டியலில் ஒரு வரி இருக்கும், அஞ்சல்பெட்டியில் இரண்டு கடிதம் இருக்கும்.

இன்னொரு மூலையும் உண்டு. பதிவு செய்தவர் பேக் அழுத்தி, தொலைபேசி எண்ணைத் திருத்தி, மறுபடி சப்மிட் செய்கிறார். பிரவுசர் பழைய பக்கத்தை நினைவிலிருந்து அப்படியே காட்டியிருந்தால் சாவியும் பழையது. கெட் ஆர் கிரியேட் பழைய பதிவை எடுத்துக் கொடுத்து, புதிய எண்ணைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். இரட்டைப் பதிவைவிட மோசம் இது, ஏனென்றால் அவர் திருத்திவிட்டதாகவே நம்புவார். பணம் செலுத்தும் சேவை தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் ஏபிஐயில் (மற்ற நிரல்கள் அதனோடு பேசும் வாசல்) இதே மாதிரிச் சாவி வசதி உண்டு. பழைய சாவியோடு வேறு தகவல்கள் வந்தால் அது பிழை என்று திருப்பிவிடும். நாமும் ஒப்பிட்டுப் பார்த்து, தகவல் மாறியிருந்தால் திருத்தும் பக்கத்துக்கு அழைத்துப் போவதுதான் நியாயம்.

சாவியும் காப்பாற்றாத ஒரு நேரம் இருக்கிறது. சப்மிட் அழுத்தியாயிற்று, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பொறுமை போய் ரிஃப்ரெஷ் அழுத்துகிறார். பதில் இன்னும் வரவில்லை என்பதால் பிரவுசர் ஃபார்ம் பக்கத்தையே புதிதாக எடுக்கும். புதிய பக்கம், புதிய சாவி. முதல் போஸ்ட்டோ சர்வரில் நடந்து முடிந்திருக்கும். அவர் மறுபடி நிரப்பி அனுப்புவது எல்லா வகையிலும் புதிய பதிவு. இங்கே உதவுவது, நம் வேலையின் விதி ஒன்றுதான்: ஒரு வகுப்புக்கு ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு பதிவு என்பது போல. ஜாங்கோ 4.0 பதிப்பிலிருந்து யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்டுக்குள் (அந்த யூனிக் கட்டுப்பாடு) சிறிய எழுத்தாக மாற்றும் லோயர் போன்ற ஃபங்ஷன்களையும் வைக்க முடிவதால், பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தில் நகல் நழுவாது. ஆனால் விதி எது என்று ஃபார்மை நடத்துபவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு தாய் தன் ஒரே மின்னஞ்சலில் இரண்டு பிள்ளைகளைச் சேர்க்கலாம். அவரைத் தள்ளிவிட்டால் நாம் கட்டியது தடுப்பு இல்லை, தடை.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? ஸ்ட்ரட்ஸ் 2 என்ற பழைய ஜாவா கட்டமைப்பில் ஒருமுறை டோக்கனுக்கான, கோரிக்கையை நடுவில் நிறுத்திச் சோதிக்கும் இன்டர்செப்டர் உள்ளேயே வந்தது. அதில் ஒரு வகை, நகல் கோரிக்கை வந்தால் பிழை காட்டாமல் முதல் கோரிக்கையின் விளைவையே காட்டும். அந்த நாகரிகம் ஜாங்கோவிலும் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. ரூபி மொழிக் கட்டமைப்பான ரெயில்ஸில் 7 முதல் இயல்பாக வரும் டர்போ வேறு வழியில் கண்டிப்பு: ஃபார்மை வாங்கிக்கொண்டு 200 குறியீட்டில் பக்கம் திருப்பினால் அதைக் காட்டவே மறுத்து, ரீடைரக்ட் செய்யவேண்டும் என்று கன்சோலில் எழுதும். ஜாங்கோ வியூவைக் கையால் எழுதி, ரீடைரக்டை மறந்து, நேராகப் பக்கத்தையே ரெண்டர் செய்து அனுப்பினால் ஒரு எச்சரிக்கையும் வராது. பயிற்சியில் அவ்வளவு அழுத்திச் சொன்னவர்கள், டெவலப்மென்ட் முறையிலாவது ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

ரிஃப்ரெஷ் மட்டும்தான் உங்கள் கவலை என்றால் ஜாங்கோவைத் தயங்காமல் எடுங்கள், தயார் வியூக்களை விட்டு விலகாதீர்கள். பணமோ வரம்புள்ள இடங்களோ சம்பந்தப்பட்டிருந்தால் சாவிக்கும் கட்டுப்பாட்டுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். சோதனை எழுதுவதும் சுலபம்: டெஸ்ட் கிளையன்ட்டில் ஒரே சாவியோடு இரண்டு போஸ்ட் அனுப்பி, பதிவு ஒன்றே என்றும் இரண்டு பதிலும் ஒரே முகவரிக்கே ரீடைரக்ட் ஆகின்றன என்றும் பார்த்தால் போதும். ஒரே நேரத்து மோதலைச் சோதிக்க மட்டும் வழக்கமான டெஸ்ட்கேஸ் உதவாது, அது ஒவ்வொரு சோதனையையும், முடிந்ததும் திரும்பப்பெறப்படும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் அடைத்துவிடும். டிரான்சாக்‌ஷன் டெஸ்ட்கேஸில் இரண்டு திரெட்களை ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள், அதையும் தளம் உண்மையில் ஓடப்போகிற டேட்டாபேஸ் எதுவோ அதன்மேலேயே.